தொண்டு, ஊழியம், தன்னார்வம்: ஒரு சொற்புலத்தின் மாற்றமும் மொழிபெயர்ப்பும்

பிறர்க்கென உழைத்தலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. தொண்டு, பணி, சேவை, ஊழியம், தன்னார்வம் என்பன அவற்றுள் மிகுதியும் வழங்குபவை. அன்றாட எழுத்தில் இவை ஒன்றற்கொன்று மாற்றாக வருகின்றன. அரசாணைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் நலத்திட்ட வழிகாட்டிகளையும் மொழிபெயர்க்கும்போதுதான் இவை ஒருபொருட் பன்மொழி அல்ல என்பது புலப்படுகிறது. ஆங்கிலத்தின் 'வாலன்டியர்' என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று பொருட்கூறுகள் அடங்கியுள்ளன: தானே விரும்பிச் செய்தல், ஊதியம் பெறாமை, பிறர் நலம். இவற்றுள் எதனைத் தமிழ்ச்சொல் வெளிப்படுத்துகிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்னும் வினா வெறும் சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடுவது அன்று. ஒருவரைத் 'தன்னார்வலர்' என்பதா, 'பணியாளர்' என்பதா என்பதைப் பொறுத்து அவர் கைக்கு வரும் தொகையின் பெயரும், பல வேளைகளில் அதன் அளவும், முதுமையில் அவருக்குக் கிடைக்கும் பயனும் மாறுகின்றன. இச்சொற்புலத்தின் வரலாற்றையும் தொடரமைப்பையும் இக்கட்டுரை அந்நோக்கில் ஆராய்கிறது.

கட்டாயத்தில் பிறந்த சொற்கள்

தொண்டு என்பதற்கு அடிமைத்தன்மை என்னும் பொருளைப் பழைய அகராதிகள் தருகின்றன. (ஒன்பது என்னும் எண்ணைக் குறித்துத் தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் தொண்டு வேறு சொல்.) இப்பொருள் சைவ மரபில் மறைக்கப்படவில்லை, போற்றப்பட்டது. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரரை வழக்கிட்டு ஆட்கொள்ளும் முதியவர் அவையில் காட்டுவது ஓர் அடிமை ஓலை. அவ்வோலைக்கு ஆட்பட்ட சுந்தரரே திருத்தொண்டத்தொகையைப் பாடினார். அதன் விரிவாகச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நூலுக்குத் திருத்தொண்டர் புராணம் என்றே பெயர். மனிதர்க்கு அடிமையாதல் இழிவு, இறைவனுக்கு அடிமையாதல் உயர்வு என்னும் கருத்துமாற்றத்தால் இச்சொல் மேன்மை பெற்றது. திருநாவுக்கரசர் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கக் கையில் கொண்ட உழவாரம் அம்மேன்மையின் அடையாளமாயிற்று. இன்றும் கோயில்களைத் தூய்மை செய்யும் குழுக்கள் தம் வேலையை உழவாரப்பணி என்றே அழைக்கின்றன.

ஊழியம் என்னும் சொல்லின் வரலாறு இன்னும் கடுமையானது. 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதியினர் அரசுக்குக் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலை ஊழியம் எனப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சிக்கால இலங்கையில் சோனகரிடமும் செட்டிகளிடமும் பெறப்பட்ட கட்டாய உழைப்புக்கும் இதுவே பெயர். ஒல்லாந்தர் ஆவணங்களிலும் தமிழ்ச்சொல்லே எழுத்துப்பெயர்ப்பில் இடம்பெற்றது. பின்னர்க் கிறித்தவத் திருச்சபை வழக்கில் இறைப்பணி ஊழியமாயிற்று. கோபால கிருஷ்ண கோகலே 1905-இல் புணேயில் நிறுவிய சங்கம் தமிழில் இந்திய ஊழியர் சங்கம் எனப் பெயர் பெற்றது. இன்று அரசு ஊழியர் என்றால் மாத ஊதியமும் விடுப்பும் உடையவர். கூலியில்லாக் கட்டாய வேலையைக் குறித்த சொல் இரு நூற்றாண்டுகளில் நிலையான ஊதியம் பெறுவோரைக் குறிக்கும் சொல்லாகியிருப்பது பொருள்மாற்ற ஆய்வாளர்க்கு அரிய சான்று.

வெட்டி என்பது இவ்வளவு நற்பேறு பெறவில்லை. சோழர் கல்வெட்டுகளில் ஊதியமில்லா உழைப்புக் கடமையைக் குறித்த இச்சொல் இன்று 'வெட்டி வேலை', 'வெட்டிப் பேச்சு' எனப் பயனின்மையைக் குறிக்கிறது. தெலுங்கில் 'வெட்டி சாக்கிரி' என்னும் தொடர் தெலங்கானா நிலவுடைமைக் கொடுமையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

இவ்வரிசையில் குடிமராமத்து சற்று வேறுபட்டது. ஏரிக்கரையையும் வாய்க்காலையும் ஊரார் கூடிச் செப்பனிடும் வழக்கத்தை அது குறிக்கும். இதனை ஊரார் விருப்புடன் செய்த பொதுப்பணி என்று மட்டும் இன்று நினைவுகூர்கின்றனர். ஆனால் அவ்வுழைப்பைச் சட்டத்தின் வலிமையால் பெறுவதற்கென்றே 1858-ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2017-இல் தமிழ்நாடு அரசு இப்பெயரை மீட்டெடுத்து, பாசனதாரர் சங்கங்கள் வழியே அரசுப் பணத்தில் நீர்நிலைகளைச் செப்பனிடும் திட்டத்திற்குச் சூட்டியது. பெயர் ஒன்று, உழைப்புக்கு யார் பணம் கொடுக்கிறார் என்பது முற்றிலும் வேறு.

இச்சொற்கள் எவற்றிலும் 'தானே விரும்பி' என்னும் பொருட்கூறு அடிச்சொல்லில் இல்லை. தொண்டு உடைமையைச் சுட்டியது. ஊழியமும் வெட்டியும் கடமையைச் சுட்டின. எனவே விருப்பத்தை முதன்மையாகக் கூறும் ஒரு சொல் தேவைப்பட்டது உண்மையே. தன்னார்வம் என்னும் ஆக்கம் அவ்வெற்றிடத்தை நிரப்பியது.

தொண்டர் விலகிய வழி

அவ்வெற்றிடம் தோன்ற வேறொரு காரணமும் உண்டு. விடுதலைப் போராட்டக் காலத்தில் வாலன்டியர் என்பதற்குத் தொண்டர் என்பதே இயல்பான தமிழ். 1930 ஏப்ரலில் இராசகோபாலாச்சாரியார் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பெடுக்க அழைத்துச் சென்ற ஏறத்தாழ 100 பேரும் தொண்டர்களே. அச்சொல்லில் விருப்பம், ஊதியமின்மை, ஈகம் மூன்றும் நிறைந்திருந்தன. விடுதலைக்குப் பின் கட்சிகள் இதனைத் தம் உறுப்பினர்க்குரிய பெயராகக் கொண்டன. 'தொண்டர்கள் திரண்டனர்' என்னும் செய்தித் தலைப்பைக் காண்போர் இன்று எந்தக் கட்சி என்றே கேட்பர்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. வினையாலணையும் பெயர் போலத் தோன்றும் தொண்டர் கட்சிப்பொருள் ஏற்றபோதும், அடிச்சொல்லாகிய தொண்டு அதனை ஏற்கவில்லை. தொண்டு நிறுவனம் என்பது கட்சி நிறுவனம் ஆகாது. அடிச்சொல்லும் அதனின்று ஆக்கப்பட்ட பெயரும் பொருளால் பிரிந்து போயின. ஆதலின் தொண்டு நிறுவனத்தில் உழைப்பவரைச் சுட்டத் தொண்டர் பயன்படவில்லை, தன்னார்வலர் வரவேண்டியதாயிற்று. இலங்கைத் தமிழில் இப்பிரிவு இவ்வளவு முற்றவில்லை. தொண்டர் படை, தொண்டர் ஆசிரியர் என்னும் தொடர்கள் அங்கு இயல்பாக வழங்குகின்றன. ஆரியரத்தினா 1958-இல் தொடங்கிய சர்வோதய இயக்கத்தின் வழியே பரவிய சிரமதானம் என்னும் சொல்லும் அங்கு ஊர்ப்பேச்சில் கலந்துள்ளது. தமிழ்நாட்டில் அது ஏட்டுவழக்கே.

சேவையும் தன் பழைய இடத்தில் இல்லை. 1994 முதல் 2017 வரை நடைமுறையில் இருந்த சேவை வரி, விலைக்கு விற்கப்படும் ஒன்றையே சேவை என்றது. வங்கியின் சேவைக் கட்டணத்தைச் செலுத்துபவர்க்கு இச்சொல்லில் கைம்மாறு கருதாமை என்னும் பொருள் எட்டாது.

நிறுவனங்களின் பெயரிலும் ஒரு குழப்பம் நேர்ந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் 'என்.ஜி.ஓ. காலனி' என்னும் குடியிருப்புகள் உண்டு. அங்கு என்.ஜி.ஓ. என்பது அரசிதழில் பெயர் வெளியிடப்படாத நிலையிலுள்ள அரசு அலுவலரைக் குறித்த சுருக்கம். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 71-ஆம் பிரிவு 1945-இல் வழக்கிற்குக் கொண்டுவந்த அதே மூன்றெழுத்துச் சுருக்கம் அரசுக்கு வெளியே உள்ளவரைக் குறிப்பது. ஒரே ஒலிவடிவம் அரசின் உள்ளிருப்பவரையும் வெளியிலிருப்பவரையும் சுட்டுவதைத் தவிர்க்க 'அரசு சாரா நிறுவனம்' என்னும் தொடர் உதவியது. இலங்கையில் 'அரச சார்பற்ற நிறுவனம்'. எனினும் மூலத்திலுள்ள எதிர்மறை 'அரசு அன்று' என்று மட்டுமே கூறுகிறது. 'சாரா' என்பது அரசைச் சார்ந்து நிற்கவில்லை என்று உறுதியளிக்கிறது. அரசு மானியத்திலேயே இயங்கும் ஒரு நிறுவனத்தை அரசு சாரா நிறுவனம் எனும்போது மொழிபெயர்ப்பு மூலத்தைவிட ஒருபடி மிகுத்துச் சொல்லிவிடுகிறது.

தன்னார்வம்: தொடரமைப்பும் மௌனமும்

தொண்டு வினைப்படுத்தும் சொற்களை எளிதில் ஏற்கும்: தொண்டு செய், தொண்டு ஆற்று, தொண்டு புரி. அத்துடன் யாருக்கு என்னும் வினாவைத் தவறாது எழுப்பும். மக்களுக்குத் தொண்டு, மொழிக்குத் தொண்டு என நான்காம் வேற்றுமை அதன் அமைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. ஊழியமும் அவ்வாறே.

தன்னார்வம் இவ்விரண்டையும் ஏற்காது. 'அவர் தன்னார்வம் செய்தார்' என்பது தமிழன்று. 'மக்களுக்குத் தன்னார்வலர்' என்பதும் நிற்காது. 'திட்டத்தில் தன்னார்வலராகப் பணியாற்றினார்' என ஏழாம் வேற்றுமையோடும் 'ஆக' ஈற்றோடுமே அது பெரும்பாலும் வருகிறது. பயன்பெறுபவர்க்கு உரிய இடம் மறைந்து, அவ்விடத்தில் திட்டம் அமர்ந்துகொள்கிறது. பிற இடங்களில் அது பெயரடையாகவே நிற்கும்: தன்னார்வத் தொண்டு, தன்னார்வ அமைப்பு. தொண்டு என்பதை விலக்க வந்த சொல் மீண்டும் தொண்டின் துணையையே நாடுவது சுவையானது. பேச்சுத்தமிழ் இச்சிக்கலுக்குள் புகுவதில்லை. 'அவங்களா வந்து செஞ்சாங்க' என்று முடித்துவிடும். அல்லது வாலன்டியர் என்றே சொல்லும்.

ஆர்வலர் என்பது திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் அன்புடையாரைக் குறித்து வரும் பழஞ்சொல். அதனோடு 'தன்' சேரும்போது கவனம் முழுவதும் செய்பவரின் உள்ளத்தின்மேல் செல்கிறது. ஊதியம் உண்டா, ஏவியவர் யார், பயன் யாருக்கு என்பன பற்றி இச்சொல் எதுவும் கூறுவதில்லை. குருதிக்கொடை இதற்குத் தெளிவான சான்று. 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக 1998 சனவரி முதல் பணத்திற்குக் குருதி விற்போரிடம் பெறுதல் தடைசெய்யப்பட்டது. அத்துறையில் 'வாலன்டரி' என்பதன் உயிர்நாடி பணம் பெறாமை. பணத்திற்குக் குருதி விற்றவரும் தம் விருப்பத்தின்படியே விற்றார் எனலாமாகையால், 'தன்னார்வக் குருதிக்கொடை' என்னும் தொடரில் அத்தடையின் காரணம் தெரிவதில்லை. 'கொடை' என்னும் சொல்லே அக்குறையை ஈடுசெய்கிறது.

பிற இந்திய மொழிகளை நோக்கினால் இவ்வுள்நோக்கிய பார்வை ஒன்றே வழியன்று என்பது விளங்கும். வங்காளியில் ஸ்வேச்சாசேவக்: தன் இச்சையால் சேவை செய்பவர். விருப்பமும் செயலும் ஒரே தொகையில் உள்ளன. ஆனால் அதே ஸ்வேச்சாவோடு ஆசாரம் சேர்ந்தால் ஸ்வேச்சாசாரி, மனம்போனபடி நடப்பவர். தமிழில் தன்னிச்சை இந்த இரண்டாம் வழியில் சென்றுவிட்டது. இந்தியில் ஸ்வயம்சேவக் என்பது 1925-இல் நாகபுரியில் தோன்றிய அமைப்பின் பெயரோடு இணைந்து ஒலிக்கிறது. நிறுவனங்களைச் சுட்ட ஸ்வயம்சேவி, ஸ்வைச்சிக் என்னும் வடிவங்கள் வழங்குகின்றன. தெலுங்கில் ஸ்வச்சந்த சம்ஸ்த உண்டு. இருந்தும் ஆந்திரப் பிரதேச அரசு 2019-இல் ஏறத்தாழ 50 வீடுகளுக்கு ஒருவராக மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தவர்களை ஸ்வச்சந்த என்னும் அடையால் சுட்டாது, 'கிராம வாலன்டீர்' என்றே அழைத்தது. பதவிப்பெயர் வேறு, பண்புப்பெயர் வேறு என்பதைக் கடன்சொல் காத்துக்கொண்டது எனலாம்.

இவற்றுள் மலையாளமே தனித்து நிற்கிறது. அங்கு சன்னத்த சங்கடன, சன்னத்த பிரவர்த்தகர் என்பன வழக்கு. சன்னத்த என்னும் வடசொல்லின் அடிப்பொருள் கச்சை கட்டியவர், கவசம் பூண்டவர் என்பது. ஆயத்தமாக நிற்றல் அதன் விரிபொருள். ஆங்கிலச் சொல்லும் தொடக்கத்தில் விரும்பிப் படையில் சேர்ந்தவரையே குறித்தது என்பதை எண்ணும்போது இம்மொழிபெயர்ப்பின் பொருத்தம் வியப்பளிக்கிறது. 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தில் தம் படகுகளோடு வந்து மக்களை மீட்ட மீனவர்க்கு 'சன்னத்த' பொருந்துவது போலத் 'தன்னார்வ' பொருந்துமா என்பது ஐயமே. அவர்கள் ஆர்வத்தால் வந்தவர்கள் என்பதினும் ஆயத்தமாக வந்தவர்கள் என்பதே சரி.

மதிப்பூதியம்

எழுத்தறிவு இயக்கத்தின் வரலாறு இச்சொற்களின் நடைமுறை விளைவைக் காட்டுகிறது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து முன்னின்று நடத்திய எர்ணாகுளம் மாவட்ட இயக்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர் ஊதியமின்றிக் கற்பித்தனர். 1990 பிப்ரவரியில் அம்மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் இதன் வழிவந்ததே. கற்போர் பத்துப் பேருக்கு ஒருவர் என்னும் அளவில் மாலை வேளைகளில் கற்பித்த இளைஞர்க்கும் பெண்களுக்கும் வாலன்டியர் என்னும் சொல்லின் மூன்று கூறுகளும் பொருந்தின. வேலைக்குக் கால எல்லை இருந்தது; ஊரார் கண்முன் நடந்தது; முடிந்ததும் அவரவர் தத்தம் தொழிலுக்குத் திரும்பினர்.

தொடர்கல்வி என்னும் நிலையான திட்டமாக அது மாறியபோது பிரேரக் என்னும் பெயரில் ஒருவர் அமர்த்தப்பட்டார். 2009 முதல் 2018 வரை நடந்த சாக்ஷர் பாரத் திட்டத்தில் அவருக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம். மையம் நாள்தோறும் திறக்கப்பட வேண்டும், பதிவேடு எழுதப்பட வேண்டும், மேலிடத்திற்கு அறிக்கை செல்ல வேண்டும். விருப்பத்தின் இடத்தில் நேரமும் கணக்கும் வந்து அமர்ந்தன. பெயர் மட்டும் மாறவில்லை. பெருந்தொற்றுக்கால இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் கற்பித்தவர்களும் தன்னார்வலர்களே. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் பெற்றனர்.

இது யாரையும் ஏமாற்றும் நோக்கில் நிகழ்ந்தது என்று கூறவேண்டியதில்லை. ஆனால் சொல்லின் விளைவு சட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது. அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. அதன் ஆங்கில மூலமே 'பேகார்' என்னும் இந்தியச் சொல்லை ஏற்றுள்ளது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ்க் கொடுத்து வாங்கும் வேலையும் அப்பிரிவின்படி கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவர் தொழிலாளர் என்றால் 2,000 ரூபாய் இப்பிரிவின்முன் கேள்விக்குள்ளாகும். அவர் விரும்பி வந்தவர் என்றால் அக்கேள்வியே எழாது. நலத்திட்டங்களில் 'வாலன்டியர்' என்னும் ஒரு சொல் தாங்கிநிற்கும் சுமை இதுதான்.

2005-இல் தொடங்கிய ஊரக நல்வாழ்வு இயக்கத்தின் ஆஷா பணியாளர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 10 லட்சம் பெண்கள். திட்ட ஆவணங்களில் அவர்கள் மதிப்பு நிலைத் தன்னார்வலர்கள். செய்யும் வேலைக்கேற்ப ஊக்கத்தொகை பெறுபவர்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் அவர்களுக்கு விருதளித்தது. 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக ஏற்கவேண்டும் என 2013-இலேயே பரிந்துரைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின்முன் ஆஷா பணியாளர்கள் போராட்டம் தொடங்கியபோது அவர்கள் கேட்டது 7,000 ரூபாயை 21,000 ரூபாயாக உயர்த்துதல். அத்தொகையை மலையாள இதழ்கள் 'ஓணரேறியம்' என்றே எழுதின.

அக்கடன்சொல்லோடு தமிழின் மதிப்பூதியத்தை ஒப்பிடவேண்டும். இலத்தீன் மூலத்தில் ஊதியம் என்னும் கருத்து இல்லை. மதிப்பின் பொருட்டுத் தருவது என்பதே உள்ளது. இந்தி மான்தேய் அதனை அப்படியே பின்பற்றியது. தமிழில் ஆக்கியோர் ஊதியம் என்னும் சொல்லையும் சேர்த்துவிட்டனர். மொழிபெயர்ப்பு நோக்கில் இது மிகை. ஆயினும் அங்கன்வாடிப் பணியாளர்க்குப் பணிக்கொடை உண்டு என 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவர்கள் பெறும் மதிப்பூதியமும் பணிக்கொடைச் சட்டத்தின் 'ஊதியம்' என்னும் வரையறைக்குள் அடங்கும் எனக் கொண்டது. தமிழ் ஆக்கத்தின் மிகை இங்கு சட்டத்தோடு ஒத்துவிட்டது.

பதவிப்பெயரும் ஊதியமும் இணைந்து செல்வதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளர் என்றும், அங்கன்வாடியில் பணியாளர் என்றும் பெயர்கள் அமைந்தன. இவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்கப்படுகிறது. பெயரினால்தான் ஊதியம் வந்தது எனல் மிகை. சங்கங்களின் நெடிய போராட்டம் அதற்குண்டு. பணியாளர் என்னும் பெயர் அக்கோரிக்கைக்குத் தடையாக நிற்கவில்லை என்ற அளவில் கூறலாம். ஊர்க்காவல் படை என்னும் தமிழ்ப்பெயரிலும் தன்னார்வம் என்னும் சொல் இல்லை. அப்படையினர் தன்னார்வலரே என்னும் வாதம் நீதிமன்றத்தில் எழுந்தபோதும், அவர்களின் நாட்படி காவலரின் குறைந்தபட்ச ஊதியத்திற்கு இணையாக அமையவேண்டும் என 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

எனினும் எல்லாவற்றையும் சொல்லின்மேல் ஏற்றுவதும் தவறாகும். இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் போர்க்காலத்தில் ஆசிரியர் இல்லாப் பள்ளிகளில் கற்பித்தவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். தூய பழஞ்சொல்லே அங்கு வழங்கியது. நிரந்தர நியமனத்திற்காக அவர்களும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ளவை

'வாலன்டரி' என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல்லை எங்கும் வைப்பது இயலாது என்பதை வழக்கே காட்டியுள்ளது. வேலையைவிட்டு முன்கூட்டியே விலகுதல் விருப்ப ஓய்வு. தன்னார்வ ஓய்வு என யாரும் கூறுவதில்லை. குருதிக்கொடை ஆவணங்களில் 'கைம்மாறு பெறாத' என்னும் அடையைச் சேர்ப்பது நன்று. திட்ட வழிகாட்டிகளில் மூலம் வாலன்டியர் என்றால் மொழிபெயர்ப்பாளர் அதனைப் பணியாளர் என மாற்ற உரிமையற்றவர். ஆனால் அதே ஆவணம் வேலைநேரமும் மாதத்தொகையும் வகுக்கும் இடங்களில், மூலத்தில் உள்ளபடியே அச்சொற்களைத் தெளிவாகத் தரலாம். 'உதவித்தொகை', 'ஊக்கத்தொகை', 'மதிப்பூதியம்' ஆகிய மூன்றையும் ஒரே ஆவணத்தில் மாற்றி மாற்றி எழுதும் பழக்கமே பெருந்தீங்கு செய்கிறது. ஆஷா என்னும் பெயரின் விரிவில் உள்ள 'ஆக்டிவிஸ்ட்' என்பதை ஆர்வலர் எனல் அதன் கூர்மையை மழுக்கிவிடும். செயற்பாட்டாளர் என்பதே நெருங்கியது.

கணக்கெடுப்பு வினாக்களில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுகிறது. ஊதியமின்றியும் கட்டாயமின்றியும் பிறர்க்குச் செய்யும் வேலை என இதனை வரையறுக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, 2011-ஆம் ஆண்டுக் கையேட்டில் வினாவுக்குள் 'வாலன்டியர்' என்னும் சொல்லைப் பயன்படுத்தாதிருக்க அறிவுறுத்தியது. நாடுதோறும் அச்சொல்லுக்குப் பொருள் வேறுபடுவதே காரணம். தமிழுக்கு இது முற்றிலும் பொருந்தும். திருவிழாவில் ஊருக்குச் சமைத்தவரிடமும், பக்கத்து வீட்டு முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரவெல்லாம் உடனிருந்தவரிடமும் 'தன்னார்வப் பணி ஏதேனும் செய்தீர்களா?' என்று கேட்டால் இல்லை என்றே விடை வரும். அவர்கள் செய்தது ஒத்தாசை; ஊர்வேலை. 'போன மாதத்தில், உங்கள் வீட்டார் அல்லாத யாருக்காவது, கூலி வாங்காமல் ஏதாவது செய்து கொடுத்தீர்களா? எத்தனை மணி நேரம்?' என்று வினவுதல் வேண்டும். 'யாருக்காவது' என்னும் நான்காம் வேற்றுமைச் சொல் இங்கு இன்றியமையாதது. தன்னார்வம் என்னும் சொல் வந்தபோது தொடரிலிருந்து விடுபட்டது அதுவே.